எலுமிச்சம்பழம் கட்டிய வண்டி

அன்புள்ள வெங்கி,

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. நேற்று என் ஜீப்பைப் பார்க்க வந்தபோது நீங்கள் அதைச் செய்யவில்லை. சீட்டைத் தட்டினீர்கள், ஹாரன் அடித்தீர்கள், பச்சை நிறம் பிடித்திருக்கிறது என்றீர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு நானும் இப்படித்தான் ஏமாந்தேன்.

கிளம்பும்போது மட்டும் நல்ல கேள்வி ஒன்று கேட்டீர்கள். "தப்பா நெனச்சுக்காதீங்கோ அங்கிள், வண்டிக்கு ஆக்சிடெண்ட் ஏதாவது ஆயிருக்கா?" அதற்குள் நாகலக்ஷ்மி காபி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் மனைவியின் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. நீங்கள் நெருளுக்கு ரயில் ஏறிய பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு இந்த வண்டியை விற்ற புனேக்காரர் எல்லாவற்றையும் மறைத்துத்தான் விற்றார். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

"மிலிட்டரி ஆபீசரின் ஜீப், சேற்றையே பார்த்ததில்லை" என்றார் அவர். அடியில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட் இருந்தது. எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் என்று நான் பூரித்துப்போனேன். முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் செம்பூர் நாகா சந்திப்பில் பிரேக் போட்டபோது, என் வலது குதிகால் கால்மிதியோடு சேர்ந்து கீழே இறங்கியது. தரைத்தகடு முழுக்கத் துரு. பெயிண்டுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இருந்தாலும் எனக்கு அந்த வண்டி வேண்டும். இருபத்தாறு வருடம் ஹார்பர் லைனில் நின்றுகொண்டே ஆபீஸ் போனவன் நான். அடுத்தவன் அக்குளுக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டு குர்லா வரும் வரை மூச்சுவிடாமல் இருக்கப் பழகியவன். ரோடே இல்லாத இடத்தில், முன்னால் பின்னால் ஒருவரும் இல்லாமல், சேற்றில் என் வண்டியை நானே ஒரு தடவை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஐம்பது வயதில் அதற்காகவே லைசென்ஸ் எடுத்தேன்.

வண்டியைப் பார்த்துக்கொள்ள தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து மாரிக்கண்ணன் என்ற மெக்கானிக் கிடைத்தார். திருநெல்வேலிப் பக்கம். கை சுத்தம், வாய் சுத்தம். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பம்பாயில் எல்லா வண்டியிலும் சனிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் தொங்குகிறதே, அதை மாரிக்கண்ணன் தன் தொழிலுக்கு வைத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு எடுத்த வண்டியில் அதை முதலில் கழற்றிவிடுவார். வேலை முடிந்து, தானே ஓட்டிப் பார்த்து, திருப்தி ஆன பிறகுதான் புதிது கட்டுவார். நூலில் கட்டினால் காட்டு வழியில் அறுந்துவிடும் என்று பழைய கிளட்ச் கேபிளில் ஓர் இழையைப் பிரித்துக் கோத்திருப்பார். "பழம் இல்லாத வண்டிய எவன் கேட்டாலும் குடுக்காதீய சார்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். வண்டியில் ஒரு எழவும் தெரியாத நாகலக்ஷ்மிகூட மாடி ஜன்னலிலிருந்து பம்பரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் பழத்தைக் காணோம்" என்பாள்.

இப்போது நகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகலக்ஷ்மியின் தம்பி. மாட்டுங்காவில் இருந்தான். முப்பத்தொரு வயது, நல்ல உயரம், நல்ல சிரிப்பு. பதினெட்டு வயதிலிருந்து கார் ஓட்டுகிறவன்.

முதல் தடவை வண்டியில் பழம் ஏறிய அன்றே வந்துவிட்டான். "நீங்க ஃபர்ஸ்ட் டைம் ஓனர் அத்திம்பேர். நான் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்." சாவியை ஆணியிலிருந்து அவனே எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பியபோது கிளட்ச் கருகியிருந்தது. வண்டிக்குள் சிப்ஸ் பாக்கெட். டிரைவர் சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. கண்ணாடி அவன் உயரத்துக்குத் திரும்பியிருந்தது. நான் உட்கார்ந்தால் என் கால் பெடலுக்கு எட்டவில்லை, கண்ணாடியில் கூரைதான் தெரிந்தது. கிளட்ச் போனதைவிட அந்தக் கண்ணாடிதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கிளட்ச் மாற்ற ஐந்து வாரம். மாரிக்கண்ணன் பழம் கட்டினார். நகுல் வந்தான். இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன். "சேத்து டிராக்ல புதுசா ஓட்டறவாளை விடமாட்டா அத்திம்பேர். பின் சீட்ல வேணா வாங்கோ" என்றான். போனேன். புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியின் பின் சீட்டில் நாலு மணி நேரம் குலுங்கினேன். முன் சீட்டில் அவனுக்கு நிச்சயமாகியிருந்த ரஞ்சனா உட்கார்ந்து போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவை அவன் போனில் எல்லோருக்கும் அனுப்பினான். கீழே 'என் வண்டி' என்று எழுதியிருந்தான். அன்றைக்குப் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் உடைந்தது.

மூன்றாவது தடவை ஏதோ ஓடையில் இறக்கி கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் நாகலக்ஷ்மியிடம் சொன்னேன், இனிமேல் சாவி கிடையாது என்று. "ஏன்னா, ஒரே தம்பி, ஆசையாக் கேக்கறான். உங்களுக்கென்ன, ஓட்டவா தெரியறது?" என்றாள். அவள் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாதாரணமாக, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

இத்தனைக்கும் வண்டியைப் பராமரித்தது நான். ஒவ்வொரு ஞாயிறும் கீழே படுத்து கிரீஸ் அடித்தேன். டயர் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி முனையில் வாஸலின் எல்லாம் நான்தான். முன் சீட்டு பெல்ட்டுகள் நைந்திருந்தன. முதலில் இடப்பக்கத்து பெல்ட்டை மாற்றினேன். டிரைவர் பக்கத்து பெல்ட் அந்த வாரம் கிடைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

போன வருடம் ஜூலையில் ஒரு புதன்கிழமை மாரிக்கண்ணன் வந்தார். பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறது என்று கூப்பிட்டிருந்தேன். சக்கரத்தைக் கழற்றி ஒரு ரப்பர் குழாயைக் காட்டினார்.

"பாத்தீயளா சார், பலூன் கணக்கா வீங்கி நிக்கி. சமதரையில ஓடும், ஏத்தத்துலயும் ஓடும். இறக்கத்துல அமுக்கி மிதிச்சா பட்டுனு போயிரும். இது பழைய மாடல், ஒரு குழாய் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கெடையாது. திங்கக்கெழம சாமானோட வாரேன். அதுவரைக்கும் வண்டிய அசைக்காதீய."

பம்பரிலிருந்து பழத்தைக் கழற்றி உள்ளே டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நகுல் போன் செய்தான். சனிக்கிழமை மால்ஷேஜ் காட் மலைப்பாதைப் பக்கம் போகிறானாம். "மாரி முடிச்சுட்டாரோன்னோ?" என்று கேட்டான். "வந்து பாரு" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் கீழே போய் பிரேக் ஆயில் ஊற்றினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. ஆயில் குறைந்தால் ஊற்றுவது ஓனரின் கடமை. பிறகு ஃபிரிட்ஜிலிருந்து ஓர் எலுமிச்சம்பழமும் எண்ணி ஏழு பச்சைமிளகாயும் எடுத்தேன். டேஷ்போர்டில் கிடந்த வாடிய பழத்திலிருந்து அந்தக் கிளட்ச் இழையை உருவி, புதியதைக் கோத்து, பம்பரில் கட்டினேன். ராத்திரி நாகலக்ஷ்மி ரசத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் எங்கே என்று தேடினாள். தெரியாது என்றேன். யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. நேராக பம்பரைத்தான் பார்த்தான். "நிம்பு மிர்ச்சி கட்டியாச்சு. மாரி ஓகே பண்ணிட்டார்னா நோ டென்ஷன்" என்றான். நான் சாவியைக் கையில் கொடுத்தேன். முதல் தடவையாக நானே கொடுத்தேன். அவன்கூட அதைக் கவனித்து, "தேங்க்ஸ் அத்திம்பேர்" என்று தோளைத் தட்டினான்.

ரஞ்சனா வருவாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டருகே பையோடு நின்றிருந்தாள். அவள் ஏறுவதைப் பார்த்தேன். வாயைத் திறக்க நேரம் இருந்தது. அவன் சீட்டைப் பின்னால் தள்ளினான், கண்ணாடியைத் திருப்பினான், சிரித்தான். நான் கையாட்டினேன்.

காட் இறக்கத்தில் மூன்றாவது வளைவு. மாரிக்கண்ணன் சொன்ன மாதிரியே நடந்தது. அவருக்குத் தொழில் தெரியும். நகுல் அங்கேயே போய்விட்டான். ரஞ்சனா இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறாள். அவள் பிழைத்தது அந்தப் பக்கத்து புது பெல்ட்டினால். அதைப் போட்டவன் நான். ஒருத்தராவது, ஒரு தடவையாவது, அதைச் சொன்னார்களா? இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள்கூடச் சொல்லவில்லை.

அவன் சாவான் என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஏதோ கோபத்தில், யோசிக்காமல் என்றெல்லாம் சொன்னால் அது பெயிண்ட் அடிக்கிற வேலை. மூன்று நாள் யோசித்தேன். வேறு எந்த வழியிலும் வண்டி எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது.

போலீஸ் அதிவேகம் என்று எழுதி முடித்தது. முன்பக்கம் முழுக்க நசுங்கியும் பம்பரில் பழம் மட்டும் அப்படியே தொங்கியது. அதைப் பார்த்தவர்கள் மாரிக்கண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். நாகலக்ஷ்மி அவரைப் பார்த்துக் கதறினாள். அவர் என்னிடம் கைகூப்பி நின்றார்.

"நான் கட்டலைன்னுதான் சார் நெனைக்கேன். ஆனா என் கம்பியிலதானே தொங்குது. கை பழக்கத்துல கட்டிட்டேனோ என்னவோ. வண்டிய அசைக்காதீயன்னு ஒங்ககிட்ட சொன்னேனா இல்லையான்னே இப்ப சந்தேகமா இருக்கு. பத்து நாளா ஒறக்கமே இல்ல சார்."

"மனுஷாளுக்குத் தப்பு நடக்கறது சகஜம், விடுங்கோ" என்று அவரைத் தேற்றி அனுப்பினேன். அதிலிருந்து அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கடையை மூடிவிட்டு கோவண்டியில் ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்வி. நல்ல மெக்கானிக். இப்போது அந்த மாதிரி ஆள் கிடைக்காமல் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

வண்டி போலீஸ் முற்றத்தில் ஏழு மாதம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. வெளியே எடுத்து, முன்பக்கத்தை நேராக்கி, பிரேக் குழாய் நாலும் புதிதாகப் போட்டு, டிரைவர் பக்கத்து பெல்ட்டும் மாற்றிவிட்டேன். எல்லாம் முடிந்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நாகலக்ஷ்மி கதவில் சாய்ந்து நின்றாள். "அது இந்த வாசல்ல நிக்கக் கூடாது. வித்துடுங்கோ" என்றாள். இவ்வளவு பட்டும் நான் இன்னும் ஒரு தடவைகூட சேற்றில் ஓட்டவில்லை. இதைவிட ஒருவனுக்கு என்ன அநியாயம் நடக்க முடியும், சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவுடனே, என்னைக் கேட்காமல் கண்ணாடியைத் திருப்பினீர்கள். பரவாயில்லை, நான் மறுபடி சரிசெய்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி மறைக்க இனி ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் வாருங்கள். பிரேக்கை நானே ஒரு தடவை பார்த்து, புதிதாக எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருப்பேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தைரியமாக எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
பத்ரிநாராயணன்