ஊசிப்பாறைச் சரிவில் இரண்டு தீ

பெயர்: முருகம்மாள். கணவர் பெயர்: கோட்டைச்சாமி. வயது: 43. தொழில்: சொந்தப் புஞ்சையில் விவசாயம். விலாசம்: கீழத்தெரு, ஊசிப்பாறைப்பட்டி, திருவில்லிபுத்தூர் தாலுகா, இராமநாதபுரம் ஜில்லா. 19-3-1964 வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையத்துக்குத் தானாக வந்து சொன்னதை, சப் இன்ஸ்பெக்டர் விசாரிக்க ஏட்டு எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். கடந்த 16-ஆம் தேதி திங்கட்கிழமை ஊசிப்பாறை ரிசர்வ் காட்டில் தீப்பிடித்தது சம்பந்தமாக, மலையில் தேன் எடுத்துப் பிழைக்கும் பளியர் நாகையாவை இங்கே பிடித்து வைத்திருப்பதாகத் தெரிந்துகொண்டேன். அவர் தீ வைக்கவில்லை என்பதையும், வைத்தது யார் என்பதையும் சொல்ல வந்திருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊரும் சேர்ந்து பன்னிரண்டு பேர் கொண்ட காட்டு ஆலோசனைக் குழு ஒன்று 1961-இல் ஏற்பட்டது. இதற்குச் சம்பளம் கிடையாது. மாதம் ஒரு தடவை ரேஞ்சர் லட்சுமிகாந்தம் அவர்களின் ஆபீசில் கூடி, எந்தச் சரிவில் எந்த மாதம் மாடு விடலாம், புல் அறுப்பை எப்போது திறக்கலாம், தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்டலாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அதன் பிறகு சரியென்று பட்டதைச் செய்வார். பெரும்பாலும் சரியென்றுதான் பட்டிருக்கிறது. பொம்பளைக்கு அதில் என்ன வேலை என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். மற்ற பதினோரு பேரும் மலையைக் கீழே நின்று பார்த்தவர்கள், நான் புல்லுக்கும் விறகுக்கும் இருபது வருஷமாக ஏறி இறங்கியவள் என்று சொன்னேன். நாகையாவின் பெயர் குழுவில் இல்லை. வழி சொல்வதெல்லாம் அவர்தான். அவரைச் சேர்க்கும்படி நானும் இதுவரை வாய் திறந்ததில்லை, அது என் தப்பு.

தை மாதம் முதல் வைகாசி முடிய காட்டுக்குள் யாரும் வெடி வெடிக்கக் கூடாது என்று குழுவில் ஒரு தீர்மானம் உண்டு. அதைக் கொண்டுவந்ததும் நான்தான்.

சம்பவ இடமாகிய சரிவில் கீழே வெறும் புல். அதற்கு மேலே குழுவினர் நாங்கள் நட்ட இலவங்கன்று ஆறு ஏக்கர். அதற்கு மேலே பன்னிரண்டு அடி அகலத்தில், தீ தாண்டாமலிருக்கப் புல்லைச் செதுக்கிய தீத்தடுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே பேச்சி ஊற்று, பெரிய காடு, பளியர் குடிசைகள் ஏழு. தீக்குச்சிக்கு ஆகுமென்று நட்ட கன்றுகள் எண்ணூற்றுச் சொச்சம் இருந்தன. மாசி மாதம் முழுவதும் காட்டுப்பன்றி வந்து அவற்றைத் தோண்டிச் சாய்த்தது. ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவள் என்பதால் எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு 14-ஆம் தேதி சனிக்கிழமை, அந்தச் சரிவின் வனக்காவலரும் எனக்குத் தூரத்து உறவில் கொழுந்தன் முறையுமான சுடலை என்பவர் என் வீட்டுக்கு வந்து, "மதினி, வெடி இருந்தாக் குடுங்க. நாலு போட்டா பன்னி அங்கன தலைவச்சுப் படுக்காது" என்று கேட்டார். விஸ்வநத்தத்திலிருந்து என் அக்காள் தீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய காகித வெடியில் இரண்டு கட்டு மீதி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தீர்மானம் இருக்கிறதே என்று அவரே கேட்டார். அதற்கு நான், "அது வெவரங் கெட்ட ஆளுகளுக்குலே. இந்த வெடியில பொறி நிக்காது. பாறை மேல வச்சுப் போடு" என்று சொன்னேன். இது என் வார்த்தை, அப்படியே எழுதவும்.

மழை பொய்த்த காலத்தில், 1948 முதல் ஐந்து வருஷம், விஸ்வநத்தத்தில் அக்காள் வீட்டில் தங்கி ஒரு பட்டாசு கம்பெனியில் திரி செருகும் வேலை பார்த்தேன். லோடு ஏற்றுமுன் வெடித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். சிதறிய காகிதம் இரண்டு மினுக்கு மினுக்கி அணைந்துவிடும். ஆனால் அங்கே வெடித்துப் பார்ப்பது புல் பூண்டு இல்லாத கரிசல் பொட்டலில். காய்ந்த புல்லுக்குள் விழுந்த காகிதம் எத்தனை நேரம் கனிந்துகொண்டு கிடக்கும் என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னேன்.

அதன் பிறகு 16-ஆம் தேதி மதியம் நானும் நாகையாவும் தீத்தடுப்புக் கோட்டில் சருகு கூட்டிக்கொண்டிருந்தபோது கீழே நாலு வெடிச் சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் புகை எழுந்தது. காற்று கீழிருந்து மேலே வீசிக்கொண்டிருந்தது. சுடலை கன்றுகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடிவந்து, கைமீறிப் போய்விட்டது என்றார். கன்றுகளுக்கு இடையில் புல் ஆள் உயரம் நின்றதால், தீ அங்கே ஏறினால் பன்னிரண்டு அடிக் கோட்டை ஒரே தாவில் தாண்டிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருகிற தீக்குத் தின்னப் புல் இல்லாமல், கோட்டிலிருந்து கீழ்நோக்கி எதிர்த் தீ வைத்து முன்கூட்டியே எரித்துவிடுவது ஒன்றுதான் வழி. அப்படி வைத்தால் கன்றெல்லாம் போகும்.

சுடலை என் குறுக்கே நின்று, "கவர்மெண்ட் கன்னு மதினி, எனக்கு வேலை போயிரும்" என்றார். நான் அவரை இடது கையால் தள்ளிவிட்டேன். நாகையா புல்லின் பூவை உருவி அந்தரத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் பூ எங்கள் முகத்துக்கே வந்தது. அப்போது வைத்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் வெந்திருப்போம். தீ நெருங்கியதும் அது காற்றைத் தன் பக்கம் இழுக்க, பூவும் திரும்பி அதன் பக்கமாகப் போகத் தொடங்கியது. அவர், "இப்ப இழுக்குது தாயி" என்றார். நான் வைத்தேன். சாட்சிப் பொருளாக நீங்கள் எடுத்து வைத்திருக்கும், தேனீயைப் புகைபோட்டு விரட்டும் தேன்பந்தம் நாகையாவுடையதுதான். அதைப் பற்றவைத்தது என் மடியிலிருந்த தீப்பெட்டி. பிடித்துக்கொண்டு கோடு நெடுக ஓடியது நான்.

அதன் பிறகு இரண்டு தீயும் கன்றுகளின் நடுவில் மோதி, பனை உயரம் எழும்பி, தின்ன எதுவும் இல்லாமல் படுத்துவிட்டன. கோட்டைத் தாண்டி விழுந்த பொறிகளை நாகையா பச்சைக் குழையால் அடித்து அணைத்தார். அவர் கையில் இருக்கும் தீப்புண் அப்படி வந்தது. கன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன். ஆனால் ஊற்றுக்கு மேலே ஒரு இலை கருகவில்லை. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன். அந்தத் தீக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அதன் பிறகு 17-ஆம் தேதி, ரேஞ்சர் மதுரைக்குப் போயிருந்த சமயத்தில், தேன் எடுக்கப் போன நாகையாவின் பந்தத்தால் தீப்பிடித்ததாகச் சுடலை ரிப்போர்ட் கொடுத்து, அன்று சாயங்காலமே நாகையாவைப் பிடித்து வந்தார்கள். மறுநாள் சுடலை என் வீட்டுக்கு வந்து, ஏழு குடிசைகளையும் மலையிலிருந்து இறக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதையும் சொல்லிவிட்டு, "வெடி யாரு குடுத்ததுன்னு கேப்பாக. உங்க பேரு வரும், குழுவக் கலைச்சிருவாக. அவனுக்கு என்ன மதினி, வீடா வாசலா? பத்து நாள் உள்ள இருந்துட்டு வந்துருவான்" என்றார். சுடலை கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, குழு போனாப் போகட்டும். ஒன் பயத்துக்கும் என் வாய்க்கும் ஏழு குடும்பம் எறங்கணுமாலே?" என்று கேட்டேன். அவர் எழுந்து போனார்.

முதல் தீயைப் பற்றவைத்தது சுடலை. அவருக்கு வெடியும் தைரியமும் கொடுத்தது நான். இரண்டாவது தீ முழுக்க என்னுடையது. நாகையாவுக்கு இரண்டிலும் பங்கில்லை. அவர் அணைத்தவர். அவரை விடுவித்துக் கையெழுத்து ஆகும்வரை நான் இங்கேயே இருக்கிறேன். என்னை உள்ளே வைப்பதென்றாலும் வைத்துக்கொள்ளலாம், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மேலே எழுதியதை ஏட்டு நிதானமாக எனக்கு வாசித்துக் காட்டினார். வெடியை நான் அறியாமல் கொடுத்துவிட்டதாகக் கடைசியில் அவராக ஒரு வரி சேர்த்திருந்தார். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சேர்த்ததாகச் சொன்னார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். நான் அறியாமல் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியாதது இல்லை என்ற திமிரில் கொடுத்தேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மிச்சமெல்லாம் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்) கோ. முருகம்மாள்