சுக்மதியின் பெயரைச் சொன்னவர்கள்

மிஷனெரி ஊழியத்துக்காக ஜெபிக்கிறோம், ஜெபிக்கிறோம் என்று காலையிலிருந்து இந்த மேடையில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நல்லது. எனக்கு அந்த ஜெபத்தின் மேலேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. போன வருஷம் இதைச் சொல்ல எழுந்தேன். "நேரமாச்சு அண்ணாச்சி" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். நான் வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லையே, என்னிடம் வாங்கலாம்! இன்றைக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினாலும் உட்கார மாட்டேன். ஒரு சின்னக் கதை இருக்கிறது... அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் போவேன்.

ஒரு சபை. நம் பக்கத்துச் சபை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஞானசிங் என்கிற தம்பியை ஒடிசாவில் ஒரு மலை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் சுக்மதி என்று ஒரு சிறுமி. விட்டு விட்டுக் காய்ச்சல். தம்பி மாத்திரை கொடுத்தான். கொடுத்த கையோடு சபைக்கும் போன் போட்டுச் சொன்னான். விடுவார்களா? வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபத்தில், "ஆண்டவரே, சுக்மதி! சுக்மதியைத் தொடும்!" கூரை அதிர்கிறது.

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையின் தகப்பன் டம்பரு மாஜியிடம் ஓடிப்போய், "எங்க ஊர்ல எல்லாரும் கூடி, உங்க மக பேரைச் சொல்லிச் சொல்லி ஜெபிக்காங்க" என்றான்.

அந்த மனுஷன் முகம் கறுத்துப்போயிற்று. ஏன்? அந்த ஊரில், கண் காணாத ஒருவன் உன் பிள்ளை பெயரைச் சொல்லித் தன் சாமியிடம் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்... செய்வினை! மாத்திரையைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டான்.

"என் மக அவங்களுக்கு என்ன செஞ்சா? அவங்க அவ பேரை விடுற வரைக்கும் உன் மருந்து என் வீட்டுக்குள்ள வராது. என்னைக் கூட்டிட்டுப் போ. நானே கேக்கேன்."

பிள்ளை அங்கே மருந்தில்லாமல் கிடக்கிறது. தகப்பன் தம்பியோடு ரயிலேறி வருகிறான். எதற்கு? நம்முடைய ஜெபத்தை நிறுத்த! சொல்லுங்கள், இதைவிட ஒரு சபைக்கு என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டான். சபைக் கோயிலுக்குள் ஜெபம் நடக்கிறது. "சுக்மதி!" என்று சத்தம் எழும்பியதும், "நிறுத்துங்க!" என்றான். அவன் பாஷையில்தான் கத்தினான். ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

ஜெபக்குழுச் செயலாளர் செல்வின் சார் கண்ணைத் திறந்தார். அவன் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். "ஏ ஞானசிங், யாருல இது? கழுத்துல மந்திரக் கயிறு கிடக்கு. ஜெபத்தைத் தடுக்கதுக்குன்னே வந்திருக்கான். வெளிய கூட்டிட்டுப் போ!"

பாருங்கள்... அவன் இவர்களை மந்திரவாதிகள் என்கிறான். இவர்கள் அவனை மந்திரவாதி என்கிறார்கள். நடுவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்.

அந்தக் கூட்டத்தில் லில்லி புஷ்பம் என்று ஒரு அம்மாள். யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்து விசாரிப்பாள். என்ன குழம்பு, மகளுக்கு எப்போ பிரசவம், மருமகன் ஏன் வரலை... அவளை மனதில் வைத்துச் சபைப் போதகர் ஐயரே ஒரு ஞாயிற்றுக்கிழமை 'வம்பு பேசுகிற நாவு' என்று பிரசங்கம் பண்ணியிருக்கிறார். அவள் திருந்தவில்லை! எழுந்து நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு இப்ப காய்ச்சல் விட்டிருக்கா? ஏதாவது சாப்பிடுதா? யாருகிட்ட விட்டுட்டு வந்திய?"

"என்ன சொல்லுது இந்த அம்மா?" என்று அவன் கேட்டான். தம்பி அவன் பாஷையில் சொன்னான்.

அவன் மெதுவாக, "சோறு இறங்கல. கஞ்சிதான். அவ அம்மாகிட்ட இருக்கா" என்றான்.

"கஞ்சியில உப்புப் போடுதாங்களா?"

தம்பி அதையும் சொன்னதும் தகப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தம்பியைப் பார்த்துச் சொன்னான்: "வினை வைக்கிறவன் பிள்ளை சாப்பிட்டுச்சான்னு கேக்க மாட்டான். எங்க ஊர்ல இருக்கிற உன் வீட்டுக்காரிக்குப் போன் போடு. மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லு." அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்தான். "இப்ப சொல்லுங்க... என் மக பேரை."

கேட்டீர்களா? இத்தனை நாள் கூரை அதிரக் கூப்பிட்டார்களே, ஒருத்தராவது அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு எப்படி இருக்கு என்று கேட்டார்களா? எனக்கு உங்கள் மேலும் அதே சந்தேகம்தான். இன்று காலையில் எத்தனை மலை, எத்தனை ஜனம், எத்தனை பாஷை என்று மூச்சுவிடாமல் சொல்லி ஜெபித்தீர்கள்! அவர்களுடைய சாமி யாரென்று உங்களுக்குத் தெரிகிறது. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள்... தெரியுமா? யாரென்றே தெரியாதவனுடைய பெயரைப் பிடித்து உலுக்கினால், அவன் செய்வினை என்றுதான் நினைப்பான். அவன்மேல் தப்பில்லை.

முன் வரிசையில் ஒரு அக்காள் வாயசைக்கிறாள். என்னம்மா? சத்தமாகக் கேள். பிள்ளை பிழைத்ததா என்றா?

பிழைத்தது. ஓடியாடித் திரிகிறது.

இதுதான்! காலையிலிருந்து இந்தப் பந்தலில் இப்போதுதான் ஒருத்தி விசாரித்திருக்கிறாள். எல்லாரும் அப்படி விசாரியுங்கள். விசாரித்துவிட்டு அப்புறம் கண்ணை மூடுங்கள்.

இந்தாருங்கள்... உங்கள் மைக்.