முத்திரைக்காரர் வரமாட்டாரு

...ஒன்பது மணிக்கு வர்றேன்னாங்க. இப்ப மணி என்ன, நீயே பாரு. அந்தக் கடிகாரம் மெதுவா வேற ஓடுது. நான் சொல்றேன் ஜானெல், இன்னிக்கு அந்தக் கறி இன்ஸ்பெக்டர் வரமாட்டாரு. எழுதி வெச்சுக்க. போன வியாழக்கிழமையும் இதே கதைதான். அதுக்கு முந்துன வாரம் வந்தாரு, வந்து பாதி வேலையில போன் வந்துச்சுன்னு கெளம்பிட்டாரு. ஸ்வீடன்காரன் ஒருத்தனோட பன்னிங்க, மூணு அறுத்துத் தொங்குது, மிச்சம் பட்டியில நிக்குது. நான் நடுவுல கத்தியோட நிக்கிறேன். அந்த ஸ்வீடன்காரன் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல.

உக்காரும்மா, நிக்காத. கொலாச்சி ரொட்டி எடுத்துக்க, எம் பொண்டாட்டி லொரெய்ன் காலையில சுட்டது, நடுவுல ப்ளம் வெச்சிருக்கா. காபி பழசுதான், ஆனா சூடா இருக்கு. உன் பன்னிங்களுக்கு ஒண்ணும் ஆவாது, தொட்டியில தண்ணி விட்டிருக்கேன். தீனிதான் போட முடியாது. அறுக்குற பன்னிக்கு வயிறு காலியா இருக்கணும்ல. பசியில கத்துதுங்க, கத்தட்டும். நாம கத்துறதையே ஒருத்தனும் கேக்கல, பன்னி கத்துறதையா கேக்கப் போறான்.

தெரியும்மா, தெரியும். லிங்கன் டவுன்ல அந்த ஹோட்டல்காரன் சனிக்கிழமைக்குக் கேட்டிருக்கான், உனக்கு மொத ஆர்டரு, தவறுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவான். வந்து எறங்குனதுமே சொன்னியே. எனக்கு என்ன, கை கட்டிக்கிட்டு நிக்க ஆசையா? எட்டுப் பன்னி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுக் கழுவி விட்டுருவேன். ஆனா முத்திரை விழணுமே. அரசாங்க ஆளு பக்கத்துல நின்னு, உசுரோட ஒரு தடவ பாக்கணும், அறுத்தப்புறம் ஈரல், கொடல் எல்லாம் பொரட்டி ஒரு தடவ பாக்கணும், அப்புறம் அந்த வட்ட முத்திரையக் குத்தணும். அப்பத்தான் அது விக்கிற கறி. அவரு இல்லாம அறுத்தா ‘விற்பனைக்கு அல்ல’ன்னு நானே ஒரு முத்திரை குத்தணும். அப்புறம் நீயும் உன் புருஷனும் எட்டுப் பன்னியையும் வீட்டுலயே உக்காந்து திங்கணும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கமாட்டாம்பாங்க, இங்க பூசாரியே வரமாட்டேங்கிறான்.

ஏன் வரலைங்கிற? ஆளு இல்ல. இருக்குற ஆளு பூராவும் ஆத்தோரம் அந்தப் பெரிய கறி ஆலையில நிக்குது. ஜப்பானுக்குப் போற கறிப் பெட்டிம்மா. முத்திரை இல்லாத பெட்டிய ஜப்பான்காரன் கப்பல்லேருந்து எறக்கவே விடமாட்டான். அதனால அங்கதான் மொதல்ல. அங்க ஒருத்தருக்கு வயித்து வலின்னாக்கூட நம்ம வியாழக்கிழமைக்காரரத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அந்த ஆலை நின்னா பேப்பர்ல வரும், டெல்மர் கடை நின்னா லொரெய்னுக்கு மட்டுந்தான் தெரியும். அவளும் ‘நல்லதாப் போச்சு, வந்து சன்னலத் தொடைங்க’ம்பா.

முன்னாடி இப்படி இல்ல. வெர்னான்னு ஒரு அம்மா, இந்தக் கடைக்குன்னே போட்டிருந்தாங்க. நான் விளக்குப் போடுறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து நிக்கும். தலையில வெள்ளத் தொப்பி, கையில டார்ச் லைட்டு. என் உசுர எடுத்த பொம்பள. கத்திய மோந்து பாக்கும்மா. எவனாச்சும் கத்திய மோந்து பாப்பானா? ஒரு நாளு எல்லாம் தயாரு, மேல குழாயிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு. ஒரே ஒரு சொட்டு. ‘டெல்மர், நிறுத்து’ன்னுச்சு. அவ்வளவுதான், அன்னிக்குப் பூரா கடை மூடல். வந்திருந்த ஜனமெல்லாம் என்னைய வேடிக்க பாக்குது.

எங்க விழுந்துச்சா? கறி மேலதான் விழுந்துச்சு. வேற எங்க விழும், கீழ கறிதானே தொங்குது. சரி, நமக்குள்ள சொல்றேன், அந்தக் குழாய் துருப்புடிச்சு ரெண்டு வாரமா ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெர்னா இல்லாதப்ப அடியில வாளி வெச்சிருந்தேன். அந்தம்மா சொன்னதுல தப்பு இல்ல. ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? தனியாக் கூப்பிட்டு, ‘டெல்மர், கொஞ்சம் பாத்துக்கப்பா’ன்னா நான் பாத்துக்கமாட்டேனா?

அந்த ஆத்திரத்துல ஒரு வாரம் ஊரு பூராப் பொலம்புனேன். தானியக் கிடங்குல பொலம்புனேன், சர்ச்சுல பொலம்புனேன், பல் டாக்டர்கிட்ட வாயத் தொறந்துக்கிட்டே பொலம்புனேன். எப்படியோ அது சங்கத்துக்கு எட்டிருச்சு. கறிக் கம்பெனிக்காரங்க சங்கம், வாஷிங்டன்ல கண்ணாடிக் கட்டடம். அங்கேருந்து ப்ரெஸ்டன்னு ஒரு பையன் போன்ல, ‘ஐயா, உங்க சொட்டுக் கதையக் கேட்டேன், மனசே ஆறல’ங்கிறான். பெத்த புள்ளகூட என்கிட்ட அப்படிப் பேசுனதில்ல. விமான டிக்கெட்டே அனுப்பிட்டான்.

விஷயம் என்னன்னா, பெரிய மொதலாளிங்க நேராப் போய் நின்னா எம்.பி.ங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குமாம். எங்கள மாதிரி சின்னக் கடைக்காரன் தொப்பியோட போனா உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவாங்களாம். வருஷா வருஷம் வசந்தத்துல நாலாத் திசையிலேருந்தும் ஆளுங்களக் கூட்டியாந்து எறக்குறது அவங்க வழக்கம். நான் எங்க அண்ணன் சாவுக்குத் தெச்ச கோட்டப் போட்டுக்கிட்டு, பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு ஜம்முன்னு போறேன். ப்ரெஸ்டன் என்னப் பாத்ததும் மொகம் சுண்டிப்போச்சு. ‘கோட்டு வேண்டாம் ஐயா, கடையில போடுற சட்ட கொண்டாரலையா’ங்கிறான். பூட்ஸ அவனே வாங்கி, ஓட்டல் வாசல்ல பூந்தொட்டி இருந்துச்சு பாரு, அந்த மண்ணுல தேச்சுக் குடுத்தான். நல்ல பையன்.

அப்புறம் ஒத்திகை. ரெண்டு வாரம்னு சொல்லாதீங்க. வாளிய விட்டுருங்க. ‘ஒரே ஒரு சொட்டு’ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்க, அப்புறம் தலையக் குனிங்க. நானும் அப்படியே செஞ்சேன். எங்கூரு எம்.பி. எந்திரிச்சு வந்து தோளத் தட்டுறாரு. அடுத்த ரூம்புல ஒரு அம்மாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு. நாலாவது ரூம்பு போறதுக்குள்ள எனக்கே, அடடா நமக்கு எம்புட்டு அநியாயம் நடந்திருக்குன்னு தோணிருச்சும்மா. சாயங்காலம் சங்கத்துல விருந்து. கறிக்காரங்க விருந்துல என்ன போட்டாங்கன்னு நெனைக்கிற? மீனு. ப்ரெஸ்டனுக்கு டாக்டரு கறியே தொடக்கூடாதுன்னுட்டாராம்.

சும்மா சொல்லக் கூடாது, காரியம் முடிஞ்சுச்சு. ஆலைங்க தங்களுக்குத் தாங்களே சோதன பண்ணிக்கலாம், அரசாங்க ஆளக் கொறச்சுக்கலாம்னு விதி வந்துருச்சு. அந்த விதிக்குச் சங்கத்துல என்ன பேரு தெரியுமா? ‘டெல்மர் விதி’. அதோ, பில் போடுற மேசைக்கு மேல மாட்டியிருக்கேன் பாரு, பித்தளப் பலக. கிட்டப் போய்ப் படி. ஆமா, என் பேருதான். இந்த மாவட்டத்துல வேற எவன் பேருல விதி இருக்கு, சொல்லு.

என்ன கேட்ட?

அதெப்படிம்மா, ஆளக் கொறைக்கச் சொன்னது நானா? நான் வெர்னாவத்தான் கொறைக்கச் சொன்னேன். எல்லாரையுமா கொறைக்கச் சொன்னேன்? எனக்கு அம்புட்டு விவரம் ஏது. ‘ஆளே வேண்டாம்’னு கையெழுத்துப் போட்ட அதே ஆலைக்காரன், ஜப்பான்காரன் மொறச்சதும் ‘ஆளக் குடு’ன்னு வரிசையில மொதல்ல போய் நிப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்? இங்க பாரு, அப்படிப் பாக்காத. லொரெய்னும் இப்படித்தான் பாப்பா. நான் பொட்டி கட்டுறப்பவே சொன்னா, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது, நீங்க கைக்குட்ட எடுத்துக்கிட்டுப் போறீங்கன்னு. பொம்பளைங்களுக்கு எப்பவும் சந்தேகந்தான். உன்னையச் சொல்லலம்மா, பொதுவாச் சொன்னேன்.

சரி, மனச விடாத. உனக்கு நல்ல சேதி வெச்சிருக்கேன். நேத்து ப்ரெஸ்டன் கூப்பிட்டான். இந்த ஆள் பத்தாக்கொறையப் பத்தித்தான் அடுத்த மாசம் மறுபடியும் எம்.பி.ங்களப் பாக்கப் போறாங்களாம். அருமையா யோசன வெச்சிருக்கான். அரசாங்க ஆளு வரணும்னு இருந்தாத்தானே வரலைன்னு பேச்சு? முத்திரையையே ஆலைக்காரங்க கையில குடுத்துட்டா? அவனவன் ஆளே பாத்துக் குத்திக்கிடுவான். நமக்கும் குடுப்பாங்களான்னு கேட்டேன். ‘அதப் போகப் போகப் பாத்துக்கலாம் ஐயா’ன்னான். வர்றேன்னுட்டேன். இந்தத் தடவ சின்ன வயசா, பன்னி வளக்குற பொண்ணு ஒண்ணும் வேணுமாம், கையில கொழந்த இருந்தா ரொம்ப நல்லதுங்கிறான். உன் பேரக் குடுத்திருக்கேன். டிக்கெட்டு, ஓட்டலு எல்லாம் அவன் செலவு. பூட்ஸ மட்டும் தொடைக்காத.

எங்க எந்திரிச்சிட்ட? பன்னிங்களப் பாக்கவா? அதுங்க நல்லாத்தான் இருக்கும்மா. ஜானெல்... ஏம்மா, வண்டிய எதுக்குப் பட்டிக்கு ஒட்டி ரிவர்ஸ் எடுக்குற? நான் இப்ப என்ன சொல்லிட்டேன்? கீர்னி ஊருக்கு அந்தப் பக்கம் இருக்குற கறிக்கடைக்கா? அது எம்புட்டு தூரம், போறதுக்குள்ள பன்னி வாடிப்போயிருமே. நாளைக்கு அவங்களுக்கு ஆளு வர்ற நாளா? யாரு சொன்னா? ஓ, காலையிலேயே போன் பண்ணிக் கேட்டு வெச்சிருந்தியா. அப்ப என்னைய நம்பல. இவ்வளவு நேரம் அவரு வருவாருன்னு எனக்காகத்தான் இருந்தியா? நான்தான் வரமாட்டாரு, வரமாட்டாருன்னு சொன்னேனா? ஆமா, சொன்னேன். உண்மையத்தானே சொன்னேன்.

சரி, தள்ளு, நான் ஓட்டி ஏத்துறேன், உனக்கு வராது. ஹேய், ஹேய், ஏறு. அந்தக் காதுல புள்ளி இருக்கறதப் புடி. கொக்கிய நல்லாப் போட்டுக்க. ஜானெல், இதக் கேளு, அடுத்த வியாழக்கிழமை பன்னிய இங்க கொண்டாருவில்ல? அடுத்த மாசமாச்சும்? வேற எவனும் இப்ப கொண்டாரதில்லம்மா. ஸ்வீடன்காரன் நின்னுட்டான், ஹோர்ஸ்ட் பையங்க நின்னுட்டாங்க. பெஞ்சில நான் ஒருத்தந்தான் உக்காந்திருக்கேன். ஏதாச்சும் சொல்லிட்டுப் போ.

போயிட்டா.

அட, ரோட்டுல அது என்ன வெள்ளக் காரு... இங்கதான் திரும்புது. கதவுல அரசாங்கச் சின்னம் ஒட்டியிருக்கு. அய்யய்யோ. ஜானெல், ஏ ஜானெல்... எங்க கேக்கப் போகுது, வளைவத் தாண்டிட்டா. போன் எங்க வெச்சேன்? எடும்மா, எடு தாயி. வண்டி ஓட்டுறப்ப எடுக்கமாட்டா, நல்ல புள்ள.

வாங்க சார், வாங்க. புதுசா நீங்க? ஆமா, நாந்தான் டெல்மர். ரோட்டுல பாலம் வேலைன்னு சுத்தி வந்தீங்களா? அதனால என்ன, வந்துட்டீங்கல்ல. வழியில ஒரு சேப்புப் பிக்கப்பு, பின்னால ட்ரெய்லரோட... கையாட்டுனாளா? ஆட்டுவா, ஆட்டுவா. இந்நேரம் வரைக்கும் இங்கதான் இருந்தா சார். நான் சும்மா வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இப்பவும் இருந்திருப்பா. முத்திரைய வெளிய எடுக்காதீங்க, பொட்டியிலயே இருக்கட்டும். கறி ஒண்ணும் இல்ல சார் இன்னிக்கு. காபி குடிங்க.