கேட் வருமுன் வர வேண்டிய கதகதப்பு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு பனிக்காலத்து வண்டிக் கதை சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வெளுத்த துணி கொண்டுபோகும் டீசல் வேனை ஓட்டுபவள் மருமகள். பக்கத்து இருக்கையில், ரத்தம் சுத்தம் செய்துகொள்ள அதே ஆஸ்பத்திரிக்குப் போகும் மாமியார். காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்தவள். இனி அவர்கள் பாடு.

மாமியார்: …பேச்சு பேச்சா இருக்கணும். ரயில்வே கேட் வர்றதுக்குள்ள வண்டியில சூடு வரலைன்னா வீட்டுக்குத் திருப்பிடணும். அப்புறம் ஆஸ்பத்திரின்னு என்கிட்ட வாயே திறக்கக் கூடாது.

மருமகள்: சரின்னு சொல்லிட்டேனே அத்தை. பெல்ட்டை மாட்டுங்க.

மாமியார்: ஊசிகூடப் பரவாயில்லை. அதுக்கு முன்னாடி இந்த வண்டியில விறைச்சுப்போறேன் பாரு… ஆஸ்பத்திரி வாசல் தெரியும்போதுதான் உன் வண்டி லேசா மூச்சு விடுது. எத்தனை நாளைக்கு இந்தப் பாடு? போதும்னு ஆயிடுச்சும்மா.

மருமகள்: இன்னைக்கு வேற கதை.

மாமியார்: அதுக்குள்ள கிளப்பிட்டியா? எதிர்வீட்டுக்காரர் காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிறுத்தி வெச்சு உறுமவிடுவாரே.

மருமகள்: டீசல் சும்மா நின்னு உறுமினா சூடே ஏறாது அத்தை. மெதுவா எடுத்து, சுமை இழுக்க வெச்சாத்தான் ஏறும்.

மாமியார்: என் பிள்ளை மாதிரின்னு சொல்லு.

மருமகள்: நான் சொல்லலை. பெத்தவங்க நீங்க சொல்றீங்க.

மாமியார்: வாய்… அதான் இத்தனை மூட்டை ஏத்தியிருக்கியா?

மருமகள்: ஆமா. அதான் மேட்டு ரோட்லயும் போறோம். மேடு ஏறினா இன்ஜின் உழைக்கும்.

மாமியார்: முன்னாடி என்ன, வண்டி மூஞ்சில அட்டை கட்டியிருக்கே? திருஷ்டிக்கா?

மருமகள்: ரேடியேட்டர் மேல பனிக்காத்து நேரா அடிச்சா தண்ணி சூடாகுமா? அதான் பாதி மறைச்சேன். முழுசா மறைச்சா கொதிச்சிடும். வெயில் வந்ததும் எடுத்துடணும்.

மாமியார்: கொழந்தைக்குக் குல்லா போடுற மாதிரி…

மருமகள்: அதேதான். அதோட, உள்ள ஒரு வால்வு இருக்கு, தெர்மோஸ்டாட்டுன்னு. இன்ஜின் சூடாகிற வரைக்கும் அது மூடியிருக்கணும். நம்ம வண்டியில திறந்தபடியே சிக்கிக் கெடந்துச்சு. சூடெல்லாம் வீணாப் போச்சு. மாத்திட்டேன்.

மாமியார்: யாரு, மெக்கானிக்கா?

மருமகள்: நான்தான்.

மாமியார்: நீயேவா… இரு. அந்த விரல் கட்டு? அரிவாள்மணை பட்டுதுன்னியே?

மருமகள்: அது… ரோட்டைப் பாக்க விடுங்க அத்தை.

மாமியார்: அடி கள்ளி. நான் தைக்கக் கத்துக்கிட்டப்போகூட இப்படி விரலைக் குடுத்ததில்லை.

மருமகள்: கை ரொம்ப ஜில்லுன்னு இருக்கா?

மாமியார்: இருக்காதா பின்னே? அந்த விசிறிப் பொத்தானைத் திருப்பேன். அதுலதானே காத்து வரும்?

மருமகள்: இப்பப் போட்டா வெறும் ஐஸ் காத்து. ஊறுற சூட்டையும் ஊதித் தள்ளிடும். இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு அந்தக் கோட்டைத் தொடட்டும்.

மாமியார்: அதுவரைக்கும்?

மருமகள்: அதுவரைக்கும் என்னைத் திட்டுங்க. வாயாவது சூடாகும்.

மாமியார்: …ராத்திரியெல்லாம் இதே யோசனைதானா உனக்கு?

மருமகள்: வேற என்ன யோசனை? நீங்க வரமாட்டேன்னுட்டா… எங்களுக்கு யாரு இருக்கா?

மாமியார்: ரோட்டைப் பாரு.

மருமகள்: முள்ளு அசையுது. பாருங்க, அசையுது.

மாமியார்: ரயில்வே கேட்டும் தெரியுது.

மருமகள்: தெரியுது… பாதிக்கு மேல வந்திருச்சு அத்தை. இன்னும் கொஞ்சம்தான்…

மாமியார்: கேட்டுன்னா கேட்டுதான்.

மருமகள்: அத்தை…

மாமியார்: இரு. பேசாதே.

மருமகள்: என்னாச்சு?

மாமியார்: வந்திருச்சு.

மருமகள்: எது?

மாமியார்: சூடுதான், வேற எது. காலடியில கதகதன்னு இருக்கு. முட்டி வரைக்கும் ஏறுது. ஏன் வேகத்தைக் குறைக்கிறே? கேட் திறந்துதானே கெடக்கு. போ. கெட்டிக்காரிதான் நீ, ஒத்துக்கறேன். … தண்டவாளம் தாண்டியாச்சு. எதுக்குடி கண்ணு கலங்குறே? ரோடு தெரியுதா?

மருமகள்: தெரியுது. அத்தை… நான் இன்னும் விசிறியே போடலை.

மாமியார்: ம்.

மருமகள்: உள்ள ஒரு துளி சூடுகூட வந்திருக்காது.

மாமியார்: தெரியும்மா. மிஷின் சத்தத்தோடயே வாழ்ந்தவ நான். எது ஓடுது, எது ஓடலைன்னு என் காதுக்குத் தெரியாதா? ஆமா, நான் வாயை மூடியிருந்தா வண்டியைத் திருப்பியிருப்பியா?

மருமகள்: சத்தியமா மாட்டேன்.

மாமியார்: அதுவும் தெரியும். முள்ளு கோட்டைத் தொட்டுடுச்சு பாரு, இப்பப் போடு விசிறியை… அப்பாடா. அந்த அட்டை நனைஞ்சா ஊறிப்போயிடும்மா. அளவு எடுத்துக் குடு, தார்ப்பாய்த் துணியில தெச்சுத் தரேன். வியாழக்கிழமை வரும்போது மாட்டிக்கலாம்.

உங்கள் வீட்டுக் கதவு பனியை வெளியிலேயே நிறுத்தட்டும் கண்ணுகளா. உங்கள் வீட்டில் விரலைக் கொடுத்தாவது சூடு தேடுகிறவளும், அது வருமுன்னே வந்துவிட்டது என்கிறவளும் நெடுநாள் நன்றாக இருக்கட்டும்.