தலை வெட்டிய பின்னும் கொட்டிய வால்

தலைமை தாங்கும் பெருந்தகை சீவரத்தினம் அவர்களே! வானில் விமானம் வட்டமிட்டாலும் வாசலைத் தாண்டி வந்திருக்கும் சுன்னாகத்துப் பெரியோர்களே! வெங்காயத் தோட்டத்து மண் ஒட்டிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

தேளின் நரம்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று இந்தச் சனசமூக நிலையத்தார் என்னை அழைத்தார்கள். விலங்கியல் வாத்தியார் பொன்னம்பலம் விளக்கமாய்ச் சொல்லுவார் என்று நம்பி அழைத்தார்கள். சொல்கிறேன்.

தேளின் வயிற்றோரம் நரம்புக் கயிறொன்று ஓடுகிறது. கயிறெங்கும் முடிச்சுகள். வால் வரையும் முடிச்சுகள்! வாலைத் தொட்டால், அந்தச் செய்தி தலை வரை ஓடி உத்தரவு கேட்டு நிற்குமா? நில்லாது! வால் முடிச்சிலேயே திரும்பும், கொடுக்குக் கொட்டும். தலை துண்டான பின்னும் கொட்டும்! இதை இருபது வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியவன் நான். கேட்டீர்களா? காட்டியவன் நான்!

சென்ற மாதம், பகல் பதினொரு மணி. குண்டு போடும் பொம்மர் வந்துவிட்டது. பதுங்கிக்கொள்ள வெட்டிய பங்கர்ப் படியிலே ஒரு செந்தேள். மண்வெட்டியால் ஒரே போடு. தலை தனியாய்ப் போனது. மேலே நின்ற என் மனைவி பத்மாவதி, "இஞ்சாருங்கோ, செத்திட்டுதோ?" என்றாள்.

"ஓம், தலை போட்டுது. கெதியா இறங்கும்!" என்றேன்.

என்னை நம்பி வெறுங்காலோடு இறங்கினாள். வாலை மிதித்தாள்.

நம் நரம்பிலே செய்தி செல்லக் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. திறக்கும், உடனே மூடும். நஞ்சு அவற்றை மூட விடாது. செய்தி ஓயாமல் ஓடும். வேர்த்தாள், துடித்தாள், மூச்சுக்குத் தவித்தாள். விமானம் போகும்வரை ஒரு மணித்தியாலம் நான் அவளை வெளியே தூக்கவில்லை. பயம் ஐயா, பயம்! பிறகுதான் விஷகடிக்குப் பார்வை பார்த்து மந்திரிக்கும் ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் கொண்டு போனேன். கண்டவுடனே, "மாஸ்டர், இது என்ரை பார்வைக்கு அடங்காது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ!" என்று தன் சைக்கிளைத் தந்தார். போகிற வழியிலேயே அவள் போய்விட்டாள்.

என்ன, பின்வரிசையில் முணுமுணுப்பு? "ஆழ்வாப்பிள்ளைதான் பார்வை பார்த்து நேரத்தை மினக்கெடுத்தினது" என்கிறீர்களா? ஊரே அப்படித்தான் கதைத்தது. ஒரு மாதமாய் வைத்தியம் கேட்டு அவர் வீட்டுப் படலையை ஒருவரும் திறக்கவில்லை. நான் வாய் திறந்தேனா? இல்லை! அந்தப் பழி எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்: அவளைக் கொன்றது அவருடைய பார்வையல்ல, என்னுடைய அவசரம், என்னுடைய அச்சம்! நீங்களாவது தேளின் வாலை நசுக்கி அகற்றிவிட்டு இறங்குங்கள்.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை, தூணோடு ஏன் நிற்கிறீர்கள்? மேடைக்கு வாருங்கள். இந்தச் சபை பார்க்க நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தலையாட்டுகிறீர்கள்... வரமாட்டீர்களா?

அப்படியென்றால் நான் இறங்கி வருகிறேன். பொறுத்திருந்து கேட்ட சபைக்கு நன்றி, வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கோ.