பாலத்தில் நிற்பவள்

கிருத்திகைக்குச் செட்டிகுளம் முருகனுக்கு விளக்குப் போட, பெரம்பலூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டு இளைஞன், "சேத்த தங்கத்தையெல்லாம் வித்துட்டேன் மாப்ளே" என்றான். பக்கத்தில் இருந்த கூட்டாளி சிரித்தான்.

"கம்ப்யூட்டர் கேம்ல சேத்த தங்கம்னு சொல்லுடா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

"அதை வித்துத்தான் செல்லு வாங்குனேன். கேம்ல கூட ஆடுற பொண்ணுக்கு நம்பர் குடுக்கலாம்னு. அதுக்குள்ள, தங்கத்தைக் காசுக்கு வித்தது தப்புன்னு கேம் கம்பெனிக்காரன் என் பேரையே தூக்கிட்டான்."

"வேற பேர்ல உள்ள போவ வேண்டியதுதானே?"

"போனேன். கேம்ல நாங்க எப்பவும் சந்திக்கிற பாலத்துலதான் அந்தப் பொண்ணு நின்னுச்சு. நான்தான்னு சொன்னா நம்பல."

"என்னதான் சொல்லுச்சு?"

"அவரு வர்ற நேரம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னுச்சு."