ஏழாம் தொட்டியின் சுவர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நாற்பத்தாறு வயதில் எழுதப் பழகியவன் என்பதால் அவசரப்பட மாட்டேன். சொல்லிக்கொடுத்தவன் மெர்வ். ஆஸ்திரேலியாவில், மக்காய் நகருக்கு வடக்கே, கழிவுநீர் நிலையத்தில் இருவரும் பதினோரு வருஷம் தொட்டி கழுவினோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பணிப்பதிவேட்டைத் திறந்துவைத்துச் சொல்லித்தருவான். நான் முதலில் எழுதிய சொல் 'இல்லை'. அடைப்பு: இல்லை. கசிவு: இல்லை.

ஆய்வகத்து மார்னி ஏழாம் தொட்டியில் ஒரு பாக்டீரியாவை விட்டார். மரபணுவை மாற்றிச் செய்தது. கொழுப்பைத் தின்னும், நீல விளக்கில் பச்சையாக ஒளிரும், வழக்கமான மருந்துக்குச் சாகாது.

"மூணே வாரம், ரூபன். இங்க இருக்கிறதுங்களோட போட்டி போட முடியாம தானா செத்துடும்."

"இவன் பாட்டன் கூட்டத்தையும் இப்படித்தாம்மா கணக்குப் பண்ணாங்க," என்றான் மெர்வ்.

விளையாட்டாகத்தான் சொன்னான். என் கொள்ளுத்தாத்தாவைப் பசிபிக் கடலில் இருக்கும் தன்னா தீவிலிருந்து இங்கே கரும்பு வெட்டக் கொண்டுவந்தார்கள். வெட்டி முடித்ததும் திரும்பிப் போ என்றார்கள். அவர் கரும்புக்குள் ஒளிந்து தங்கிவிட்டார். அதனால் நான் இருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, தொட்டியிலிருந்து வெளிவரும் நீரில் அது இல்லை. எல்லாரும் கைகுலுக்கினார்கள். சுவரைச் சுரண்டிக் குளோரின் அடிப்பது என் வேலை. ஏணிக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு வழவழப்பு. விளக்கைக் காட்டினேன். பச்சை.

சுரண்டவில்லை. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினேன். அதன்பின் தினமும், இறைச்சி வறுத்த கொழுப்பைக் கொஞ்சம் அங்கே தடவிவிட்டேன்.

மார்ச்சில் மெர்வ் அந்த ஏணியில் வழுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டான். "சும்மா கீறல்டா, மூஞ்சியத் தொங்கப்போடாத," என்றான். மறுநாள் தொடைவரை வீங்கியது. அவனைச் சேர்த்த மருத்துவமனையிலிருந்து, பதிவேடு எழுதும் என்னிடம் தாள் வந்தது: அந்தப் பாக்டீரியா தொட்டியில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் மருந்தை மாற்ற வேண்டும். சோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை.

'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

பார்க்கப் போனபோது மெர்வுக்குக் காய்ச்சல் கொதித்தது. "டேய், நீ எழுதின தாளைக் காட்டினாங்க. எழுத்து அச்சு மாதிரி இருக்குடா," என்றான். நான்காம் நாள் இறந்தான்.

இருக்கிறது என்று எழுதியிருந்தால், அன்றைக்கே சுவரைக் கொளுத்தியிருப்பார்கள். சாகும் என்று சொன்ன இடத்தில் பிழைத்த ஒன்றை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு நீங்கள் தந்த படிவத்தின் கடைசிக் கட்டத்தில், வருத்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மெர்வ் சொல்லித்தந்தபடி, எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்காமல், நிதானமாக நிரப்பியிருக்கிறேன்.

வருத்தம்: இல்லை.